பழைய டாரட் சீட்டுகளில் புரியாத சிறு விவரங்களைப் படித்தறிவது எப்படி

ஒருவன் ஒற்றைக் காலில் தலைகீழாகத் தொங்குகிறான். இரு கைகளிலும் பணப்பைகள் இருக்கின்றன. பாரிஸில் உள்ள பிரான்ஸ் தேசிய நூலகம் காத்துவரும் பதினைந்தாம் நூற்றாண்டுச் சீட்டுகள் பதினேழில் ஒன்றில் இந்தப் படத்தைக் காணலாம். டாரட்டைக் குறி சொல்லும் சீட்டாக மட்டுமே அறிந்தவர் இதைப் பார்த்ததும் தியாகம், பொறுமை, உலகை மறுகோணத்தில் காணுதல் என்று பழகிய பொருள்களை அடுக்கத் தொடங்குவார். அந்தப் பொருள்களில் எதுவும் பணப்பைகளை விளக்குவதில்லை. விளங்காத விவரம் ஒன்று எதிர்ப்படும்போது அதை ஒதுக்கிவிட்டு மேலே செல்லாமல், அதையே பிடித்துக்கொண்டு எப்படி விடை தேடுவது என்பதை இந்த வேலைக்குப் புதியவர்களுக்காக இங்கே படிப்படியாக எழுதுகிறேன். தொங்குபவனின் பைகளுக்கு நான்காம் படியில் திரும்பி வருவோம்.

முதற்படி: குறிசொல்லும் பொருள்களைச் சற்றே விலக்கி வையுங்கள்

டாரட் சீட்டு குறி சொல்வதற்காகத் தோன்றியதன்று, விளையாடுவதற்காகத் தோன்றியது. பொதுச் சீட்டாட்டம் 1370-களில் இஸ்லாமிய உலகிலிருந்து ஐரோப்பாவுக்குள் நுழைந்தது. வட இத்தாலியர் அதன் நான்கு வகைச் சீட்டுகளோடு படச்சீட்டுத் தொகுதி ஒன்றைச் சேர்த்து, ஏறத்தாழ 1440-இல் புதிய கட்டு ஒன்றை உருவாக்கினர். ஜூஸ்தோ ஜூஸ்தி என்பவர் ஃப்ளாரன்ஸில் செய்வித்த இத்தகைய கட்டு ஒன்றைப் படைத்தலைவர் சிகிஸ்மொந்தோ மலாதெஸ்தாவுக்குக் கொடுத்ததாக 1440 செப்டம்பரில் தம் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். கிடைத்திருப்பவற்றுள் மிகப் பழைய சான்று அதுவே. அந்நாளில் அவற்றின் பெயர் டாரட் அன்று, 'திரியோன்ஃபி', அதாவது வெற்றிகள். துருப்புச் சீட்டைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லான 'ட்ரம்ப்' என்பதும் அதே வேரிலிருந்து வந்ததே. நிலைபெற்ற கட்டில் மொத்தம் 78 சீட்டுகள்: நான்கு வகைகளில் (கிண்ணம், வாள், நாணயம், தடி) 56, துருப்பாகப் பயன்படும் படச்சீட்டுகள் 21, அவற்றோடு முட்டாள் சீட்டு ஒன்று.

எகிப்தின் மறைஞானம் இச்சீட்டுகளில் ஒளிந்திருக்கிறது என்னும் கதை கூர் த ஷெபெலன் என்ற பிரெஞ்சு அறிஞர் 1781-இல் எழுதியதிலிருந்து பரவியது. எகிப்தியச் சித்திர எழுத்துகளை எவரும் படித்தறியாத காலத்தில் அவர் அப்படி எழுதினார் என்பதை நினைவில் கொள்ளுங்கள். அவர் தொங்குபவனைப் பார்த்து, இது விவேகத்தின் உருவம், அச்சிட்டவன் தலைகீழாகப் பதித்துவிட்டான் என்றுகூட முடிவு கட்டினார். இன்று நமக்குப் பழக்கமான பொருள் அட்டவணைகள் அவருக்குப் பின் வந்தவை. முதற்சீட்டுகளுக்கும் அவற்றுக்கும் இடையில் மூன்று நூற்றாண்டுகளுக்கு மேல் இருக்கின்றன.

விளையாட்டு என்பதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், படத்தை அணுகும் முறையையே அது மாற்றிவிடுகிறது. கையால் வரையப்பட்ட மிகப் பழைய துருப்புகளில் எண்ணும் இல்லை, பெயரும் இல்லை. ஆட்டக்காரர் தம் கையில் இருப்பது எந்தச் சீட்டு, அது எதை வெல்லும் என்பதைப் படத்தை வைத்தே ஒரு நொடியில் அறிந்தாக வேண்டும். ஆகவே இன்று நமக்கு விசித்திரமாகத் தெரியும் விவரம், அன்றைய ஆட்டக்காரருக்குப் பெரும்பாலும் அடையாளக் குறியாகவே இருந்திருக்கும். மறைபொருளைத் தேடுவதை விட்டு, 'இதைப் பார்த்து அவர்கள் யாரை அல்லது எதை உடனே இனம் கண்டார்கள்' என்று கேட்பதே பயன் தரும்.

இரண்டாம் படி: உங்கள் முன் இருப்பது எந்தக் கட்டு என்று உறுதிசெய்யுங்கள்

'பழைய டாரட்' என்று பொதுப்பெயர் சொல்வதால் ஒன்றும் விளங்காது. எந்த நகரத்தில், யாருக்காக, எந்தப் பத்தாண்டில் செய்யப்பட்ட கட்டு என்பது தெரிந்தால்தான் விவரங்கள் பேசத் தொடங்கும். புதியவர்கள் விஸ்கோந்தி-ஸ்ஃபோர்ஸா கட்டில் தொடங்குவது நல்லது. பதினைந்தாம் நூற்றாண்டின் நடுவில் மிலான் கோமகன் குடும்பத்துக்காகச் செய்யப்பட்ட இந்தக் கட்டின் ஓவியர் பொனிஃபாச்சோ பெம்போ என்று பலரும் கருதுகின்றனர். எஞ்சியிருக்கும் 74 சீட்டுகளில் 35 நியூயார்க்கின் மார்கன் நூலகத்திலும், 26 இத்தாலியின் பெர்கமோ நகரத்து அக்காடெமியா கர்ராராவிலும், 13 கொல்லியோனி குடும்பத்திடமும் இருக்கின்றன.

இங்கே இரண்டு பொறிகள் உள்ளன. சாத்தான், கோபுரம், வாள் மூன்று, நாணய வீரன் ஆகிய நான்கு சீட்டுகள் இந்தக் கட்டில் கிடைக்கவில்லை. கடைகளில் விற்கும் மறுபதிப்புகளில் அவற்றுக்குப் பதிலாக இக்கால ஓவியர்கள் வரைந்தவையே இருக்கும். அந்தச் சாத்தானின் கொம்பை வைத்துப் பதினைந்தாம் நூற்றாண்டு மிலானைப் பற்றிக் கட்டுரை எழுதியவர்களும் உண்டு. இரண்டாவது பொறி, கட்டில் கிடைத்த சீட்டுகள் யாவும் ஒரே கையால் வரையப்பட்டவை என்று நினைத்துக்கொள்வது. அளவடக்கம், மனத்திடம், விண்மீன், நிலா, சூரியன், உலகம் ஆகிய ஆறும் வேறோர் ஓவியரின் வேலை. எனவே சூரியனில் காணும் ஒரு வண்ணத்தேர்வை வைத்துப் பாப்பரசி (பெண் போப்) சீட்டில் காணும் வண்ணத்துக்கு விளக்கம் சொல்ல முடியாது.

பாரிஸ் கட்டை 'ஆறாம் சார்லஸ் டாரட்' என்று அழைக்கும் வழக்கமும் இப்படிப்பட்ட ஒரு பொறிதான். அந்தப் பிரெஞ்சு மன்னனுக்காக 1392-இல் கிரிங்கொன்னர் என்பவரிடம் சீட்டுக்கட்டுகள் வாங்கிய கணக்கு ஒன்று இருக்கிறது. அதையும் இச்சீட்டுகளையும் பின்வந்தோர் தவறாக முடிச்சுப் போட்டுவிட்டனர். உண்மையில் இவை பதினைந்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்த இத்தாலிய வேலைப்பாடு.

மூன்றாம் படி: பெயரிடுவதற்கு முன் விவரியுங்கள்

நூலகங்கள் தம் வலைத்தளங்களில் இச்சீட்டுகளின் துல்லியமான படங்களை வைத்திருக்கின்றன. ஒன்றைப் பெரிதாக்கி, ஒரு தாளில் காண்பதை மட்டும் எழுதுங்கள்: தலையில் என்ன, வலக்கையில் என்ன, இடக்கையில் என்ன, உடை எத்தகையது, காலடியில் தரை எப்படி இருக்கிறது. சீட்டின் வழக்கமான பெயரை எழுதாதீர்கள். பெயர் மனத்தில் நுழைந்துவிட்டால் கண் அதற்கேற்றபடி பார்க்கத் தொடங்கிவிடும்.

இதற்குத் 'துறவி' சீட்டு நல்ல பயிற்சி. பெயரைத் தெரிந்துகொண்டு பார்க்கிறவர்கள் கையில் விளக்கைத் தேடுவார்கள். விஸ்கோந்தி-ஸ்ஃபோர்ஸா கட்டில் அந்த முதியவர் ஏந்தியிருப்பது மணல்கடிகை. கோலூன்றிய கிழவர், மணல்கடிகை என்று விவரித்தாலே அவர் துறவியல்லர், காலம் என்னும் உருவகம் என்பது விளங்கிவிடும். பிற்காலத்தில் படியெடுத்தவர்கள் கடிகையை அடையாளம் காணாமல் விளக்காக்கிவிட்டனர். விளக்கு வந்ததும் காலம் துறவியாகிவிட்டது.

விவரிப்பதில் சீட்டின் உடலும் அடங்கும். விஸ்கோந்தி-ஸ்ஃபோர்ஸா சீட்டுகள் ஏறத்தாழ 17 சென்டிமீட்டர் உயரமும் 9 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைந்த அகலமும் கொண்டவை. துருப்புகளின் பின்னணி பொன்தகடு பதித்து அழுத்துகோலால் கோலமிட்டது. பலவற்றின் மேல்பகுதியில் ஆணித்துளை இருக்கிறது, எப்போதோ யாரோ சுவரில் மாட்டியிருக்க வேண்டும். தெளிவற்ற ஒரு மறுபதிப்பில் அத்துளையை நான் விண்மீனாகக் கொண்டு இரண்டு நாள் அலைந்ததுண்டு. உரிந்த பொன், கறுத்துப்போன வெள்ளி, பிற்காலச் செப்பனிடல் ஆகியவற்றைக் குறியீடு என்று எண்ணிவிடாமல் தனியே குறித்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: உடன்பிறந்த படங்களைத் தேடுங்கள்

வேலையின் பெரும்பகுதி இதுதான். உங்களுக்குப் புரியாத விவரம் அதே காலத்தில், அதே நிலப்பகுதியில், சீட்டுக்கு வெளியே எங்கெல்லாம் வருகிறது என்று தேட வேண்டும். தேவாலயச் சுவரோவியம், திருமணப் பெட்டியின் மேல் வரைந்த படம், ஏட்டுச்சுவடியின் ஓரச்சித்திரம், கல்லறைச் சிற்பம் எல்லாம் ஏற்புடையவையே. தொலைதூர நாட்டுப் படமோ, இருநூறு ஆண்டு பிந்திய படமோ எவ்வளவு ஒத்திருந்தாலும் இரண்டாம் இடத்துக்குத்தான் உரியது.

எளிய ஒன்றில் தொடங்குவோம். விஸ்கோந்தி-ஸ்ஃபோர்ஸா முட்டாள் கந்தலுடையோடு தோளில் தடி சாய்த்து நிற்கிறான். தலைமயிரில் இறகுகள் செருகப்பட்டிருக்கின்றன. இறகு எதற்கு? பதுவா நகரின் ஸ்க்ரோவேஞ்ஞி சிற்றாலயத்தில் ஜோத்தோ ஏறத்தாழ 1305-இல் நற்பண்புகளையும் தீப்பண்புகளையும் வரிசையாக வரைந்திருக்கிறார். அவற்றில் 'மடமை' என்னும் உருவம் தலையில் இறகு முடி சூடி, கையில் தடி ஏந்தி நிற்கிறது. இறகும் தடியும் சேர்ந்து வந்தால் அவன் மடையன் என்பது அந்நாட்டு மக்களுக்கு நூறாண்டுக்கு மேலாகப் பழகிய அடையாளமாக இருந்திருக்கிறது.

இனித் தொங்குபவனிடம் வருவோம். இத்தாலிய நகரங்களில் 'பித்தூரா இன்ஃபமாந்தே' என்று ஒரு தண்டனை இருந்தது. இழிவுபடுத்தும் ஓவியம் என்று அதைச் சொல்லலாம். துரோகம் செய்து தப்பியோடியவனையோ, கடனை ஏமாற்றியவனையோ பிடிக்க முடியாதபோது, அவன் ஒற்றைக் காலில் தலைகீழாகத் தொங்குவதாகப் பொதுச்சுவரில் வரைந்து வைப்பார்கள். அங்கியாரி போருக்குப் பின் 1440-இல் ஃப்ளாரன்ஸின் எதிரிகளை அந்நகரத்து நீதிமன்ற மாளிகைச் சுவரில் அந்த்ரேயா தெல் கஸ்தாஞ்ஞோ அப்படி வரைந்தார். 'தொங்கவிடப்பட்டோரின் அந்த்ரேயா' என்ற பட்டப்பெயரே அவருக்கு நிலைத்துவிட்டது. திரியோன்ஃபி சீட்டுகளைப் பற்றிய முதற்குறிப்பு அதே ஊரில் அதே ஆண்டில் கிடைப்பதை எண்ணிப் பாருங்கள். பதினாறாம் நூற்றாண்டு இத்தாலியில் இச்சீட்டுக்குத் 'துரோகி' என்றே ஒரு பெயர் இருந்தது. இப்போது பணப்பைகள் தாமாகவே இடம் பெற்றுவிடுகின்றன. துரோகிகளில் தலையாயவன் முப்பது வெள்ளிக்காசுக்கு இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸ். காசுப் பையைக் கையில் கொடுத்துவிட்டால் எந்த ஆட்டக்காரருக்கும் வேறு விளக்கம் தேவைப்படாது.

இந்த இடத்தில் ஒரு கவர்ச்சியான வழி பிரிகிறது. மிலான் கோமகன் ஃபிரான்செஸ்கோ ஸ்ஃபோர்ஸாவின் தந்தை முஸியோ அத்தெந்தோலோ, கூலிப்படைத் தலைவர். தம்மிடம் சம்பளம் பெற்றுக்கொண்டே அவர் நேப்பிள்ஸ் அரசரிடம் போய்ச் சேர்ந்தார் என்று சினந்த எதிர்ப்பாப்பரசர் (போட்டிப் போப்) இருபத்துமூன்றாம் யோவான், 1412-இல் ரோமின் வாயில்களிலும் பாலங்களிலும் அவரை வலக்காலில் தொங்குபவராக, குடியானவன் என்று எள்ளும் மண்வெட்டியோடு வரையச் செய்தார். ஆக, மிலான் கோமகன் கையில் எடுத்து ஆடிய சீட்டில் அவருடைய தந்தைக்கு நேர்ந்த அவமானமே இருந்தது. இதைப் படித்ததும் அந்தச் சீட்டு முஸியோவைத்தான் குறிக்கிறது என்று எழுதத் தோன்றும். எழுதாதீர்கள். தொங்குபவன் மிலான் கட்டில் மட்டும் வருபவன் அல்லன், பிற நகரங்களின் கட்டுகளிலும் வருகிறான். ஒரு குடும்பத்தின் கதையால் எல்லா ஊர்ப் படத்தையும் விளக்க முடியாது. ஒரு விளக்கம் ஒரே கட்டுக்கு மட்டும் பொருந்துகிறதா, எல்லாக் கட்டுகளுக்கும் பொருந்துகிறதா என்று சோதிப்பது இந்த வேலையில் மிகவும் பயன்படும் உரைகல்.

பாப்பரசிச் சீட்டில் அந்த உரைகல்லையே மறுபடி பயன்படுத்த வேண்டியிருக்கும். பழுப்பு நிறத் துறவாடை, இடுப்பில் முடிச்சிட்ட கயிறு, தலையில் பாப்பரசருக்குரிய மும்முடி, கையில் சிலுவைக் கோலும் நூலும். கெர்ட்ரூட் மோக்லி என்ற நூலகர் 1966-இல் ஒரு விளக்கம் சொன்னார். மிலானில் குலியெல்மா என்ற பெண்ணைத் தூய ஆவியின் அவதாரமாக நம்பிய சிறு குழுவினர், மய்ஃப்ரெதா என்ற கன்னியாஸ்திரியைத் தம் பாப்பரசியாகக் கருதினர். விஸ்கோந்தி குடும்பத்துக்கு உறவினரான அவர் 1300-இல் எரித்துக் கொல்லப்பட்டார். உடையும் ஊரும் உறவும் பொருந்துகின்றன. ஆயினும் பாப்பரசி பிற ஊர்க் கட்டுகளிலும் இருக்கிறார். ஜோத்தோவின் 'விசுவாசம்' என்னும் உருவமும் ஒரு கையில் சிலுவைக் கோலும் மறு கையில் சுருளும் ஏந்தி, தலையில் முடியோடு நிற்கிறது என்பதால் விசுவாசமோ திருச்சபையோ உருவகமாக வந்திருக்கலாம். ஆண்வேடத்தில் பாப்பரசராக இருந்ததாகச் சொல்லப்பட்ட ஜோன் என்ற பெண்ணின் கதையும் அன்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அக்காலத்துப் போதகர் ஒருவர், சூதாட்டத்தைக் கண்டிக்கும் தம் பிரசங்கத்தில் சீட்டுகளைப் பட்டியலிடும்போது இந்தப் பெயருக்கு அருகில், கிறிஸ்தவ நம்பிக்கையே ஏற்க மறுக்கும் ஒன்று இது என்று நொந்துகொள்கிறார். அவர் கண்ணுக்கு அது உருவகமாகப் படவில்லை, பெண்ணொருத்தி பாப்பரசர் இருக்கையில் அமர்ந்ததாகவே பட்டிருக்கிறது. என் கணிப்பு: உருவம் பொதுவானது, மிலானில் அதற்குக் கன்னியர் உடை அணிவித்ததில் மட்டும் உள்ளூர் நினைவு கலந்திருக்கக்கூடும்.

ஐந்தாம் படி: குலச்சின்னங்களைக் கவனியுங்கள்

கையால் வரைந்த கட்டுகள் செல்வர் வீட்டுப் பொருள்கள். வீட்டுச் சின்னம் அவற்றில் இருந்தே தீரும். மனிதனை விழுங்கும் பாம்பு விஸ்கோந்தி குலத்தின் சின்னம். கதிர் வீசும் ஞாயிறும் அதற்குள் புறாவும் அவர்களுடையவை. ஒன்றோடொன்று கோத்த மூன்று மோதிரங்கள் ஸ்ஃபோர்ஸாக்களுடையவை. இவற்றை அறியாதவர் பாம்பைக் கண்டதும் ஞானம், மறுபிறப்பு என்று எங்கெங்கோ போய்விடுவார்.

சின்னமும் சில வேளைகளில் இரண்டு வழி காட்டும். யேல் பல்கலைக்கழகத்தின் பைனெக்கி நூலகத்தில் 67 சீட்டுகள் எஞ்சியுள்ள இன்னொரு விஸ்கோந்தி கட்டு இருக்கிறது. அதன் காதல் சீட்டில் ஒரு கூடாரத்தின் கீழ் ஆணும் பெண்ணும் கைகோத்து நிற்க, விஸ்கோந்திப் பாம்பும் செந்நிறத் தளத்தில் வெண்சிலுவையும் மாறி மாறி வருகின்றன. வெண்சிலுவை சவோய் குலத்தின் சின்னம் என்றால், அது அன்றைய மிலான் கோமகன் ஃபிலிப்போ மரியா விஸ்கோந்தி 1428-இல் சவோயின் மரியாவை மணந்ததைக் குறிக்கும். விஸ்கோந்தி ஆட்சியில் இருந்த பாவியா நகரின் சின்னமும் அதுவே என்பதால், 1441-இல் அவர் மகள் பியாங்கா மரியா விஸ்கோந்தியை ஃபிரான்செஸ்கோ ஸ்ஃபோர்ஸா மணந்ததையும் குறிக்கலாம். கட்டின் வயதையே முடிவு செய்யும் இந்த விவரத்தில் இரண்டையும் எழுதி வைப்பதே முறை.

ஆறாம் படி: பழைய பெயரையும் வரிசையையும் பாருங்கள்

மேலே சொன்ன பிரசங்கச் சுவடி பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியைச் சேர்ந்தது. துருப்புகளை எண்ணோடு பட்டியலிட்ட மிகப் பழைய சான்றுகளில் ஒன்று. நாம் கோபுரம் என்பதை அது 'சகித்தா', அதாவது அம்பு என்கிறது. இத்தாலியத்தில் அம்புக்கும் மின்னல் வீச்சுக்கும் ஒரே சொல் என்பதை அறிந்தால், படத்தின் பொருள் கட்டடம் அன்று, அதைத் தாக்கும் நெருப்பு என்பது தெரியவரும். துறவியை அது 'கூனன்' என்கிறது. உலகச் சீட்டுக்கு 'அதாவது தந்தையாகிய கடவுள்' என்று குறிப்பு எழுதுகிறது.

வரிசையும் சான்றாகும். மிலான் வழக்கத்தில் நீதி கீழ்நிலைத் துருப்புகளில் ஒன்று. இந்தப் பட்டியலிலோ அது கடைசித் தீர்ப்பின் வானதூதருக்கும் உலகத்துக்கும் இடையே உயர்ந்த இடத்தில் நிற்கிறது. அந்த ஊர்க்காரர்கள் அதை மன்னனின் நீதியாகக் கொள்ளாமல் இறுதிநாளின் நீதியாகக் கொண்டிருக்கிறார்கள் என்று கருத இடமுண்டு. ஒரே வாளும் தராசும் இருவேறு பொருள் தரும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

ஏழாம் படி: அச்சுச் சீட்டாக இருந்தால் படியெடுத்த பிழையை எதிர்பாருங்கள்

மரக்கட்டையில் செதுக்கி அச்சிட்டு, வெட்டுத்தாள் வைத்து வண்ணம் பூசிய சீட்டுகளில், ஒவ்வொரு புதிய கட்டையும் பழைய அச்சைப் பார்த்துச் செதுக்கப்பட்டது. செதுக்குபவருக்குப் புரியாத கோடு அவருக்குப் புரிந்த வேறொன்றாக மாறும். நான்கு வகைச் சீட்டுகளில் ஒன்றான தடியின் வரலாறே அப்படிப்பட்டதுதான். எகிப்தை ஆண்ட மம்லூக்குகளின் சீட்டுகளில் அது போலோ ஆட்டத்தின் வளைகோல். போலோவை அறியாத ஐரோப்பியர் கையில் அது வெறுந்தடியாயிற்று. எனவே மார்செய் வகை எனப்படும் பிற்காலப் பிரெஞ்சு அச்சுச் சீட்டில் ஒரு விசித்திரத்தைக் கண்டால், சீட்டு செய்தவர்களான ழான் நொப்லே, ழான் தொதால், நிக்கொலா கொன்வேர் ஆகியோரின் கட்டுகளைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். ஒன்றில் குழப்பமாக இருப்பது இன்னொன்றில் தெளிவாக இருக்கலாம். வண்ணம் கோட்டைத் தாண்டி வழிந்திருந்தால் அது பெரும்பாலும் வெட்டுத்தாள் நகர்ந்ததன் விளைவு. நாணயம் இரண்டின் நாடாவில் செய்தவர் பெயரும் ஆண்டும் இருக்கும். கொன்வேரின் நாடா 1760 என்று சொல்கிறது. அது கட்டையின் ஆண்டு. அதே கட்டையிலிருந்து பல பத்தாண்டுகள் கழித்தும் அச்சிட முடியும்.

எல்லா விசித்திரமும் பிழையன்று. நிலாச் சீட்டின் குளத்திலிருந்து மேலேறும், நண்டும் இறாலும் கலந்தாற்போன்ற நன்னீர் உயிரியைப் பிழை என்று தள்ளிவிடாதீர்கள். நிலாவின் ஆட்சி வீடு கடகம் என்பது நம்மில் பஞ்சாங்கம் பார்ப்பவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை; ஐரோப்பியச் சோதிடமும் அதையே சொல்லும். அவர்களுடைய இடைக்காலச் சுவடிகளில் கடகத்தை இந்த உயிரியின் வடிவிலும் வரைவதுண்டு.

எட்டாம் படி: முடிவுக்குத் தரம் குறியுங்கள்

குறிப்பேட்டில் ஒவ்வொரு விளக்கத்துக்கும் பக்கத்தில் உறுதி, பெரும்பாலும், கூடும் என்ற மூன்றில் ஒன்றை எழுதுங்கள். தொங்குபவன் துரோகி என்பது உறுதி. முட்டாளின் இறகு ஜோத்தோ காட்டும் அதே மரபைச் சேர்ந்தது என்பது பெரும்பாலும். பாப்பரசியின் உடையில் மய்ஃப்ரெதாவின் நினைவு இருப்பது கூடும்.

சில விவரங்களுக்கு இம்மூன்றில் எதுவும் பொருந்தாது. விஸ்கோந்தி-ஸ்ஃபோர்ஸா கட்டின் வித்தைக்காரன் மேசை முன் அமர்ந்திருக்கிறான். மேசையில் கத்தி, கிண்ணம், சிறு வட்டப் பொருள்கள். இடக்கையில் மெல்லிய கோல். கிண்ணம், கத்தி, காசு, கோல் என்று நான்கு வகைச் சீட்டுகளையும் அங்கே காண்பவர்கள் உண்டு, கிண்ணமும் உருண்டையும் வைத்துச் செய்யும் கண்கட்டு வித்தை என்பவர்களும் உண்டு. அவனுடைய வலக்கை தொட்டுக்கொண்டிருக்கும் வெண்ணிறப் பொருளைச் சிலர் வைக்கோல் தொப்பி என்கிறார்கள், சிலர் மூடிய உணவுத்தட்டு என்கிறார்கள். என் குறிப்பேட்டில் அந்தச் சீட்டுக்கு நேராக 'வலக்கையின் கீழ் வெண்பொருள், மேற்பரப்பில் நுண்கோடுகள்' என்று மட்டும் எழுதி, அருகில் இரண்டு வரி இடம் விட்டு வைத்திருக்கிறேன்.